சித்தப்பாவின் பாய்லரில் உப்பு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எளிதில் நம்பிவிட மாட்டோம். கண்ணெதிரே கறந்த பாலையே அம்மா விரலில் தொட்டுச் சொட்டவிட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். அப்பா பாபநாசத்துக்குப் புறப்பட்டால் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். இந்தக் குணம் சிந்தாமல் சிதறாமல் எனக்கு வந்து சேர்ந்தது. பத்து வயதில் நான் சந்தேகப்படாதவர்கள் என்று ஊரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒன்று, கோயிலில் இருந்த மாதா சுரூபம். இன்னொருவர் என் சித்தப்பா.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. அவரும் சித்தியும் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். சாலையோரத்து அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தப் பாய்லரைச் சோதிக்க வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கத்து இன்ஸ்பெக்டர் வருவாராம். எதைக் காட்டினாலும் நம்பமாட்டாராம். தட்டிப் பார்ப்பாராம், குனிந்து பார்ப்பாராம், பார்த்ததையே திரும்பவும் பார்ப்பாராம். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த சித்தப்பா, அன்றிலிருந்து என்னை இன்ஸ்பெக்டரம்மா என்றே கூப்பிட்டார். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆலையில் கட்டி அழுவது போதாதென்று வீட்டிலும் ஒரு பாய்லர் வைத்திருந்தார். ஒரு முழ நீளத்தில், நிஜமாகவே நீராவியில் ஓடுகிற ரயில் எஞ்சின். செம்புக் குழாய் வாங்கி, கும்பகோணத்தில் பாத்திரம் பற்றவைப்பவரிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பற்றவைத்து, சக்கரங்களைத் தஞ்சாவூர் லேத் பட்டறையில் கடைந்து, இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்தது. செம்பு வயிற்றில் தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு. ஆவி சேர்ந்ததும் விசில் ஊதிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

கிறிஸ்துமஸ் அன்று அது எங்கள் வீட்டுக் குடிலைச் சுற்றி ஓடும். விதைநெல்லை ஊறவைத்துத் தட்டுகளில் தெளித்து, விரல் உயரம் வளர்ந்த பச்சையைக் குடிலுக்கு முன்னால் வயலாகப் பரப்பி வைப்போம். அந்த வயலைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம். மற்ற வீட்டுக் குடில்களில் மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தில் வந்தார்கள். எங்கள் வீட்டில் ரயிலில் வந்தார்கள். பெத்லகேமுக்கு ஏதப்பா ரயில் என்று கேட்ட பங்குச் சாமியாரே, விசில் சத்தம் கேட்டதும் கைதட்டினார்.

ஓடுவதை ஊர் பார்த்தது. கழுவுவதை நான் மட்டும்தான் பார்த்தேன். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும், ஆனால் அந்தக் காலையில் சித்தப்பாவிடம் யாரும் பேச முடியாது. எலுமிச்சம்பழச் சாற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து பாய்லருக்குள் விட்டுக் குலுக்குவார். உள்ளே படிந்த சுண்ணாம்பு கரைந்து கலங்கலாக வெளியே வரும். பிறகு மழைத்தண்ணீர் விட்டு நாலு முறை அலசுவார். அடிபம்புத் தண்ணீர் கிட்டே வரக்கூடாது. புகை போகும் குழாய்களைக் கோழி இறகு விட்டுத் துடைப்பார். ஆவி மிஞ்சினால் வெளியே விடுகிற சேஃப்டி வால்வை நகத்தால் தூக்கி, அது தானாக இறங்குகிறதா என்று பார்ப்பார். கடைசியாக அலசின தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, நாக்கில் தொட்டுப் பார்ப்பார். புளிப்போ உப்போ துளி இருந்தாலும் இன்னொரு அலசல்.

"நாக்குதான் நமக்கு மீட்டர். உப்பு உள்ள போச்சுன்னா போதும், தண்ணி நுரைச்சிக்கிட்டு ஆவியோட சேந்து சிலிண்டருக்குள்ள பூந்துடும். வண்டி நின்னுடும். செம்பையும் அரிச்சிடும்."

கண்ணைக் கட்டிக்கொண்டு நாக்கில் தொட்டு, இது குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர், இது ஆலை போர்வெல் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். நானும் பார்த்த தண்ணீரையெல்லாம் நாக்கில் தொட ஆரம்பித்தேன். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போட்ட கையோடு விரலை வாயில் வைத்ததற்காக அம்மா பல முறை என் தொடையைக் கிள்ளியிருக்கிறாள்.

தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகியதும், மூடியின் மேலிருந்து பாய்லர் வரைக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுவார். யாராவது மூடியைத் தொட்டுத் திறந்திருந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலை எடுத்துக் கொடுப்பாள்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் புதிதாக வந்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் வெள்ளிக்கிழமை ஆனால் பெண்கள் கூட்டம் நெரியும். அரபு நாட்டில் அன்றைக்குத்தான் லீவு, அன்றைக்குத்தான் போன் வரும். சித்தியின் அப்பா இதற்கெல்லாம் முன்னாலேயே பஹ்ரைனுக்குப் போனவர். சித்திக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவர் முதல் முறையாக லீவில் வந்து வாசலில் நின்றாராம். சித்தி உள்ளே ஓடிப்போய், "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க" என்றாளாம். சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்வார்கள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சித்தி சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கம்மி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்கு மஸ்கட் வந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் அங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலையில் பெரிய வேலையில் இருந்தார். ஊரில் அவருக்கு மஸ்கட்காரர் என்றே பெயர். லீவில் வந்தவர், பாய்லருக்கு ஒரு நல்ல ஆள் தேவை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா தம்பியைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் அளந்திருக்கிறார். அதற்கு மஸ்கட்காரர், "வாயால சொல்றத நான் நம்புறதில்லைங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்கு அஞ்சு மணிக்கு வர்றேன், ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அந்தச் சின்னப் பாய்லர எப்படி வச்சிருக்காருன்னு பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாராம். கேட்டதுமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்குத் திருப்தியானால் பொங்கலுக்குள் விசா வந்துவிடும் என்று அப்பா சொன்னார்.

வீடே துள்ளியது. சித்தப்பா ராத்திரியும் பகலும் எஞ்சினோடு கிடந்தார். சித்தி ஆறு மாதக் கர்ப்பம். போகட்டுமா என்று அவர் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் திருச்சியிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். அத்தை, அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்காள். மாமா வெல்டர். வந்து காப்பி குடித்த கையோடு அப்பாவிடம், "மச்சான், ஒரு ஆளுதான் எடுப்பாங்களாமா? எங்க தம்பி ஒருத்தன் சும்மா சுத்திக்கிட்டு கெடக்கான். அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறது" என்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து இதைக் கேட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து மாமா என் கணக்கில் ஏறினார். அவர் குடிலுக்கு முன்னால் நின்றால் நானும் நின்றேன். அவர் எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டினால் எதற்கு ஆட்டுகிறார் என்று யோசித்தேன். "உங்க புள்ள என்ன, என்னையே முறைச்சிக்கிட்டு நிக்கிது?" என்று அவர் அம்மாவிடம் கேட்டதும், குற்றமுள்ள நெஞ்சு என்று எனக்கு இன்னும் உறுதியாயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் சித்தப்பா கடைசி அலசல் அலசி, நாக்கில் தொட்டுப் பார்த்து, முக்கால் பாய்லர் மழைத்தண்ணீர் நிரப்பி மூடினார். கோடு போட்டார். "நாளைக்கு நான் தீ வைக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இன்ஸ்பெக்டரம்மா, ஒன் பொறுப்பு" என்றார். என் உயரம் ஒரு சாண் கூடிவிட்டது.

மறுநாள் காலைப் பூசைக்கு எல்லாரும் கிளம்பினோம். தலை சுற்றுகிறது என்று சித்தி மட்டும் வரவில்லை. வீட்டில் ஒரு ஆள் இருப்பது நல்லதுதான் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் புதுப் பாவாடையோடு தரையில் படுத்துக் கோட்டைப் பார்த்தேன். முடி அளவு கூட விலகவில்லை. நிம்மதியாக அதிரசம் சாப்பிட்டேன்.

மத்தியானச் சமையலின் நடுவில் அம்மா கத்தினாள். ஜாடியில் உப்பு இல்லை.

"முந்தாநாள்தான் ஜாடி கழுத்து வரைக்கும் கொட்டி வச்சேன். அடியில கெடக்கு பாரு."

"பிரியாணிக்கு நீங்களே அள்ளிப் போட்டிருப்பீங்கக்கா" என்றாள் சித்தி, வெங்காயம் நறுக்கியபடி.

"நான் இன்னும் உலையே வைக்கல."

கடை சாத்தியிருந்ததால் பக்கத்து வீட்டில் போய் ஒரு கிண்ணம் உப்பு வாங்கி வரச் சொல்லி என்னை விரட்டினாள் அம்மா. ஒரு முக்கியமான காவல் வேலையில் இருப்பவளை உப்புக்கு அனுப்புகிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது. சமையலறையில் துப்பறிய ஒன்றுமில்லை என்பது அப்போது என் அபிப்பிராயம்.

உப்போடு திரும்பினால், குடிலுக்கு முன்னால் மாமா. சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டம்ளர், கையில் ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பாய்லரைப் பார்த்தேன். கோடு விலகவில்லை. கோடே இல்லை.

அந்த இடத்திலேயே சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசாக நிரப்பியிருப்பார். எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், இனி எல்லாரும் இருக்கும்போது சபையில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அஞ்சு மணிக்கு வருவதாகச் சொன்ன மஸ்கட்காரர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். இன்னும் நாலு வீடு போக வேண்டுமாம். அத்தர் வாசனையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தவர், பாய்லரைப் பார்த்து ஒரு கணம் நின்றார். செம்பும் பித்தளையும் பளபளவென்று மின்னின.

"யாரு தேச்சது?"

"நான்தான் மாப்ள" என்றார் மாமா. "வர்றவங்க பாக்கறப்ப நல்லா இருக்கட்டுமேன்னு புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கத் தேய்க்கிற மாதிரி தேச்சேன். எப்புடி?"

சித்தப்பா குனிந்தார். மூடியைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. மஸ்கட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இனித் தண்ணீரை மாற்ற நேரமில்லை. சித்தப்பா விளக்கை ஏற்றினார்.

பத்து நிமிஷத்தில் ஆவி சேர்ந்தது. விசில் ஊதியது, அப்பாவின் முகமெல்லாம் பல். எஞ்சின் கிளம்பி நெல் வயலைச் சுற்றி ஒரு வட்டம் போயிற்று. இரண்டாவது வட்டத்தில் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக நுரை கக்கியது. மாட்டுத்தொழுவத்தின் மேலும் மூன்று ராஜாக்களின் மேலும் கொதிநீர் தெறித்தது. எஞ்சின் விக்கி விக்கி நகர்ந்து சூசையப்பர் சுரூபத்துக்கு எதிரில் நின்றுவிட்டது. சேஃப்டி வால்வு உஸ்ஸென்று சீறியது, அதன் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்தது.

மஸ்கட்காரர் எழுந்து வந்து, அந்தப் பொருக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆலையில ராத்திரி பகலா உப்போடதான் சண்டை. இத்துனூண்டு பாய்லர்ல உப்ப உள்ள விட்டவர, நான் அங்க கொண்டுபோய் எப்படி நிறுத்துறது?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. கேக் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சித்தப்பா விளக்கை அணைத்தார். ஆறும் வரை காத்திருந்து மூடியைத் திறந்து, கொஞ்சம் தண்ணீரைக் கிண்ணத்தில் சாய்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். நானும் வால்வு விளிம்பில் இருந்த பொருக்கை எடுத்து நாக்கில் வைத்தேன். நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரி கரித்தது.

"யாரு பாத்த வேலை இது?" என்றார் அப்பா.

என் நேரம் வந்துவிட்டது. எழுந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். காலையில் கோடு இருந்தது. மாமா டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை ஒளித்தார். அப்புறம் கோடு இல்லை. மாமாவின் தம்பி மஸ்கட் போக வேண்டும் என்று மாமா கேட்டார்.

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் வினையாகப் போயிற்று. நான் சொன்னது சின்னப் பிள்ளைப் பேச்சு. அப்பா பார்த்தது அப்படியில்லை.

மாமா எழுந்து நின்றார்.

"இந்த வீட்டுக்கு மாப்ளயா வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. புளி கரைச்ச டம்ளருங்க அது. இந்த வார்த்தைய ஒரு புள்ள வாயால கேக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு." அத்தையைப் பார்த்து, "பொட்டிய எடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார்.

அத்தை அழுதுகொண்டே நின்றாள். அம்மா, "அண்ணே, பண்டிகை நாளு, ஒரு வாய் சாப்பிடாம போவாதீங்க" என்று வழியை மறித்தாள். அவர் விலகிப் பையைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பட்டினியாகப் படியிறங்கினால் அது ஒரு தலைமுறைக்கு ஆறாது. அத்தைக்குத்தான் அங்கே போய்க் கஷ்டம்.

அப்போது சமையலறை வாசலில் நின்ற சித்தி சொன்னாள்:

"அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் ஊத்துனேன்."

எல்லாரும் திரும்பினோம். அவள் கையைப் புடவை முந்தானையில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள். எதை ஊற்றினாள், எதற்கு ஊற்றினாள் என்று சொல்லவில்லை.

சித்தப்பா கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கோபத்தை மென்று விழுங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"தீர்த்தம் ஊத்துனியா?"

சித்தி தலைநிமிர்ந்தாள்.

"நல்லபடியா ஓடணும்னு மந்திரிச்ச தீர்த்தம் ஊத்துனியா? கேக்குறேன்ல."

"ஆமா" என்றாள் சித்தி. அவ்வளவுதான். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கிறுக்கே. தீர்த்தத்துல சாமியாரு உப்புப் போட்டுல்ல மந்திரிப்பாரு." அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. புது சைக்கிள் வாங்கினால் தீர்த்தம், பம்புசெட் இறக்கினால் தீர்த்தம், கன்றுக்குட்டி பிறந்தால் தீர்த்தம் என்று தெளிக்கிற ஊரில், புருஷன் பிழைப்பு நல்லா இருக்க வேண்டும் என்று பெண்டாட்டி பாய்லருக்குள் தீர்த்தம் ஊற்றியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பக்தியில் செய்த பிசகு. மாமாவே பையைக் கீழே வைத்துவிட்டு, "பாவம் அது, அழாதம்மா" என்றார். பிறகு நாலு பேர் கெஞ்சி அவரை உட்காரவைத்துப் பிரியாணி போட்டோம். மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். என்னைக் குடிலுக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்ல வைத்தார்கள். நுரை தெறித்த ராஜாக்களைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. சாப்பாடு ஆனதும், "இப்பயும் ஒண்ணும் கெட்டுப் போவல. அவரு இன்னும் நாலு நாளு ஊர்லதான் இருப்பாரு. விஷயத்தச் சொல்லி, கழுவிட்டு இன்னொருக்கா ஓட்டிக் காட்டுடா" என்றார்.

"உப்பு ஏறிடுச்சுண்ணே. கழுவி எடுக்க ஒரு வாரமாவது ஆவும்" என்றார் சித்தப்பா.

அப்பா பெருமூச்சு விட்டார். பாய்லர் விஷயத்தில் சித்தப்பா சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

மறுநாள் காலையில் சித்தப்பா பாய்லரைக் கொல்லையில் வைத்துக் கழுவினார். சித்தி மணையில் உட்கார்ந்து அண்டாவிலிருந்து மழைத்தண்ணீரை மொண்டு மொண்டு கொடுத்தாள். எலுமிச்சைச் சாறு விட்டார், அலசினார், குலுக்கினார், கொட்டினார். ஏழு அலசல் எண்ணினேன். எட்டாவது தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, வழக்கம்போல் தன் நாக்குக்குக் கொண்டுபோகாமல், அவளிடம் நீட்டினார். சித்தி குனிந்து அவர் கையிலிருந்தே நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"இருக்கா?"

"இல்லைங்க."

பாய்லரைக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு வாரம் ஆகும் என்று அவர் சொன்னதும், ஒரு காலையில் முடிந்ததும், இரண்டும் என் கண் முன்னால்தான் நடந்தன. நோட்டம் விட்டு எல்லாரையும் வேவு பார்த்த எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. சொன்னவர் சித்தப்பா அல்லவா.

மஸ்கட்டுக்கு மாமாவின் தம்பிதான் போனார். அதனால் அப்பா சாகும் வரைக்கும் மாமாவை ஓரக்கண்ணால்தான் பார்த்தார். சித்தப்பா ஆலையிலேயே இருந்தார். பங்குனியில் சித்திக்குப் பெண் பிறந்தது. அது முதலில் பேசின வார்த்தை அப்பா. எல்லாக் குழந்தையும் அப்படித்தான் சொல்லும் என்று அம்மா சொன்னாள். சித்தி மட்டும் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பல வருஷம் கழித்துச் சென்னையில் நான் வீடு வாங்கினேன். மந்திரிக்க வந்த சாமியார் ஒரு குடம் தண்ணீரும் உப்பும் கேட்டார். தட்டில் இரண்டு கை நிறைய கல்லுப்பு அள்ளிக்கொண்டு போய் வைத்தேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கினார்.

"அவ்வளவுதானா ஃபாதர்?"

"இது என்ன ஊறுகாயாம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். சாமியார் அறை அறையாகத் தெளித்து முடித்த பிறகு, குடத்தில் மிச்சமிருந்ததில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். வெறும் தண்ணீர். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும், தொடையில் கிள்ளு வாங்கிக்கொண்டு நான் சுவைத்த அதே வெறும் தண்ணீர். ஜாடிக் கழுத்து வரை இருந்த உப்பு எங்கே போயிற்று என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டேன். மூடியைத் திறந்தவர் யாரோ, கோட்டை இம்மி பிசகாமல் சேர்த்து வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் எடுத்துக் கொடுத்த கைக்கு அது பெரிய வேலையில்லை.

நிமிர்ந்தபோது சித்தப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சித்தி அந்தப் பக்கம், அப்பாவை 'யாரோ ஒரு மாமா' என்று ஒருநாளும் சொல்லியிராத மகளோடு பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, கரிக்குதா?"

"இல்ல சித்தப்பா."

"கரிக்காது" என்றார். சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் நாக்கை விட அவர் நாக்கு கூர்மையானது. அன்று அந்தக் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டவுடனேயே அவருக்குத் தெரிந்திருக்கும், அது எந்தக் கோயில் தீர்த்தமும் இல்லை என்று. சித்தி வாயைத் திறந்த பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாரே, அந்த நேரத்தில் அவர் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் பெண்டாட்டி தலைகுனியாமல் இருக்க ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும், கழுவ ஒரு வாரம் ஆகும் என்று இன்னொரு பொய்யும் சொல்லி மஸ்கட்டை விட்டுவிட்டார். பக்கத்திலேயே நின்ற எனக்கு அது தெரியவில்லை.